கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல

இல்ல, அந்தக் கதவ இப்பத் தொடாத. முதல்ல இங்க வந்து உக்காரு. பாக்கலாம், பாக்காம எங்க போயிடப் போற. இவ்வளவு தூரம் வந்த உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடியாதா. அம்மா தூங்கறாங்களான்னு என்னக் கேக்காத. சத்தம் இல்லல்ல, அது போதும். நீ வந்தேங்கறதுக்காக இந்த வீட்ல எல்லாரும் எழுந்து நிக்கணுமா என்ன. பைய கீழ வை. டீய எடுத்துக்க, சூடா இருக்கு. சர்க்கரை போடல. உனக்குச் சர்க்கரை வந்துடுச்சுன்னு ஒரு பேட்டியில படிச்சேன். அக்காவுக்குச் சொல்ல மறந்துட்ட, பத்திரிகைக்குச் சொல்ல மறக்கல.

ஆமா, வீடு சுத்தமாத்தான் இருக்கு. மருந்து நெடி போயிடுச்சுல்ல. சுவரக் கூட விடல, தேச்சுக் கழுவினேன். போன தடவ மூக்கத் துணியால மூடிக்கிட்டு உக்காந்திருந்தியே, அதே நாற்காலி தான், இப்ப நல்லா மூச்சு விடு.

அம்மாவப் பாத்துக்க வந்துட்டிருந்த அம்மாவா. அவங்க வர்றதில்ல. வேற வீட்ல சேந்துட்டாங்க. அங்க ஒரு தாத்தாவாம், ரொம்பப் பேசுவாராம். எனக்குப் பேச்சுத் துணை கெடைச்சுதுக்கான்னு சொல்லிச் சிரிச்சாங்க. இல்ல, புதுசா யாரையும் வெக்கல. நானே போதும்.

என்ன பாக்கற. ஓ, அதுவா. கடிகாரம் தான், அம்மா ரூம்ல இருக்கறது. ஓடுது. இதுல என்ன ஆச்சரியம், ஓடறதுக்குத் தானே கடிகாரம். நீ பாத்தப்ப நின்னுட்டு இருந்துச்சு, இப்ப ஓடுது. பேட்டரின்னு ஒண்ணு இருக்குடா, அதப் போட்டா ஓடும். அத அப்புறம் பேசுவோம். நீ வரைஞ்ச படக்கதையிலயே அது பெரிய ஆளாச்சே, என்ன விடப் பெரிய ஆளு.

சரி, வந்த விஷயத்துக்கு வருவோம். உனக்கு என் சம்மதம் வேணும். உன் பதிப்பாளர் கொஞ்சம் யோக்கியமான ஆளு போல. கடைசிப் பக்கத்துல அம்மா சாகறாங்க, ஆனா நிஜத்துல இருக்காங்களே, உயிரோட இருக்கறவங்கள அச்சுல சாகடிக்கணும்னா வீட்ல ஒருத்தர் சரின்னு சொல்லணும்னு கேட்டிருக்காரு. நாளைக்கு அச்சுக்குப் போகுது. அதுக்காகத்தான் ஒரு வருஷம் கழிச்சு இந்த வாசல்ல வந்து நிக்கற. போன்லயே சரின்னு சொல்லியிருக்கலாம் நான். நேர்ல வான்னேன். எதுக்குன்னு நீ கேக்கல. அக்கா புத்தகத்தக் கையில பிடிச்சுப் பாத்துப் பெருமைப்படணும்னு ஆசைப்படறா, அப்படின்னு நெனச்சிருப்ப. உனக்கு உலகமே உன் புத்தகத்துக்கு வாசகர் தானே.

படிக்காம என்ன. நீ அனுப்பின அன்னிக்கே ரெண்டு தடவ படிச்சாச்சு. எனக்கு இப்ப நேரம் நெறைய இருக்கு. கொண்டு வந்த பிரதிய எடு, பக்கம் பக்கமாப் பாத்துடலாம்.

வரைஞ்சது நல்லாருக்கு. பயப்படாத, அத மறுக்கற ஆளு நான் இல்ல. அம்மாவோட கழுத்துச் சுருக்கம், மேல் உதட்டுல அந்த ஒரு மயிர், கட்டில் கம்பியில பெயின்ட் உரிஞ்ச இடம், எல்லாம் அப்படியே இருக்கு. அதுதான்டா எனக்கு எரிச்சல். கண்ணு இல்லாதவன்னா மன்னிச்சு விட்டுடலாம். உனக்குக் கண்ணு இருக்கு. எங்க நின்னு பாத்தா வசதியோ அங்க மட்டும் நிக்கற.

ஞாபகம் இருக்கா, நம்ம வீட்ல கட்டம் போடறது யாரு. அப்பா ஆபீஸ்ல இருந்து ஒரு பக்கம் அச்சான தாளெல்லாம் கட்டாக் கொண்டு வருவாரு. பின்பக்கத்துல ஸ்கேல் வெச்சு நான் கட்டம் போடுவேன், உள்ள நீ வரைவ. நீ சுவர் மேல இருந்து குதிச்சத கதையாப் போடணும்னு ஆறு கட்டத்துலயும் ஆகாசத்துல தொங்கற ஒரு பயல வரைஞ்சு வெச்சே. நான் தான் அத அழிச்சேன். முதல் கட்டத்துல சுவர் மேல காலு. அடுத்த கட்டத்துல தரையில முட்டி பேந்த காலு. அவ்வளவுதான்னேன். குதிச்சது எங்கக்கான்னு அழுத. ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையா இருந்துச்சே, அதக் காட்டி, இந்தச் சந்துல குதிச்சுட்டடா, படிக்கறவன் தானே குதிக்க வெச்சுக்குவான்னேன். அப்படியே வாயத் தெறந்து பாத்துட்டு இருந்த. ஈ போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது.

இப்ப மேடையில அதத்தான் சொல்ற. படக்கதையில காலம் கட்டத்துக்குள்ள இல்ல, கட்டங்களுக்கு இடையில இருக்குன்னு. வீடியோவுல பாத்தேன். கைதட்டினாங்க. சந்துன்னு பேரு வெச்சதே என் அக்கான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு. ஒரு மூச்சு. அதுவும் உனக்கு வரல.

சண்டை போடலடா. சண்டை போடறவ டீ போட்டு வெச்சிருக்க மாட்டா. இந்தப் பக்கத்தப் பாரு.

நீ ஊருக்கு வர்ற. வாசல்ல செருப்பக் கழட்டற. அதுக்கு நாலு கட்டம். இடது செருப்பு, வலது செருப்பு, வெறும் காலு, அப்புறம் உன் செருப்புக்குப் பக்கத்துல அம்மாவோட பழைய செருப்பு. நாலுலயும் ஒரு பேச்சும் இல்ல. நீ விவரம் தெரிஞ்சவன். பேச்சு இருந்தா படிக்கறவன் அதப் படிச்சு முடிச்சதும் நகந்துடுவான். பேச்சில்லாத கட்டத்துல எப்பக் கெளம்பணும்னு அவனுக்குச் சொல்ல ஆள் இல்ல, அதனால நின்னுடுவான். உன் செருப்பு முன்னாடி ஊரே மௌனமா நிக்கப் போகுது.

அந்த வருகை எத்தன நாள். மூணு நாளு. அதுல அரை நாள் உனக்கு வயித்துப் போக்கு, அது புத்தகத்துல இல்ல. மூணு நாள் பாதிப் புத்தகத்துக்கு வருது. அம்மா இமைய மூடித் தெறக்கறதுக்கு ஒரு பக்கம். நீ கண்ணத் தொடைக்கறதுக்கு ஒரு பக்கம். இழுத்து இழுத்து, ரப்பர் மாதிரி.

இப்பத் திருப்பு. இல்ல, முன்னாடி, இந்த இடம். மேல் கட்டத்துல அம்மா ஜன்னல் கிட்ட உக்காந்து கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கறாங்க. நீ ஊரை விட்டுக் கெளம்பற நாளு. கீழ் கட்டத்துல அம்மா கட்டில்ல கெடக்கறாங்க, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு. மூலையில சின்னதா ஒரு மஞ்சள் பட்டை. என்ன எழுதியிருக்கு, படி. வாய் விட்டுப் படி, எழுதினவன் தானே.

ஆறு ஆண்டுகள் கழித்து.

மூணு வார்த்தை. நாப்பத்தி நாலுல இருந்து அம்பது வரைக்கும் நான் வாழ்ந்தது அது.

எல்லாத்தையும் வரைய முடியுமாக்கான்னு கேப்ப, தெரியும். முடியாது. சந்து இல்லாம கதை இல்ல, அத உனக்குச் சொன்னவளே நான் தான். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. எதக் கட்டத்துல வெக்கணும், எத எடுத்துச் சந்துல போடணும்னு ஒருத்தன் முடிவு பண்றான் பாரு, அப்ப அவன் மனசு தெரிஞ்சு போயிடும். உன் செருப்பு கட்டத்துல இருக்கு.

அந்தச் சந்துல என்ன கெடக்குன்னு சொல்லட்டுமா. வேணாம்னு தலையாட்டாத, இன்னிக்கு நீ கேக்கத்தான் வந்திருக்க. கூழாக் கரைச்ச சாப்பாட்ட ஒரு ஸ்பூன் வாயில வெச்சா, முழுங்க மறந்து போய் கன்னத்துல ஒதுக்கி வெச்சுப்பாங்க. தொண்டையத் தடவி விடணும், கன்னுக்குட்டிக்குத் தடவற மாதிரி. தட்டு காலியாகறதுக்குள்ள என் சாப்பாடு ஆறிப் போயிருக்கும். அப்புறம் திருப்பிப் படுக்க வெக்கணும், இல்லன்னா முதுகு புண்ணாகும். ஒரு தடவ ஆச்சு. உள்ளங்கை அகலம். அதுக்குள்ள எலும்பப் பாத்தேன்டா. வெள்ளையா, சுத்தமா, உன் சந்து மாதிரியே இருந்துச்சு.

நான் காலத்தப் பாடமா எடுத்தவ. இயற்பியல் வகுப்புல கரும்பலகையில காலத்துக்கு ஒரே ஒரு எழுத்து போட்டா போதும், பெருக்கலாம், வகுக்கலாம், அடிச்சும் விடலாம். பசங்க எழுதிப்பாங்க. அந்த வேலைய விட்டுட்டு வந்து இங்க உக்காந்தப்புறம் தான் புரிஞ்சுது, அந்த எழுத்துக்கு எடை இருக்குன்னு. வீட்டுக்கு யாராவது வந்தா அம்மா என்னக் காட்டி, இவ இந்த வீட்டு வேலைக்காரி, கை சுத்தமில்ல, பீரோவப் பூட்டி வைங்கன்னு சொல்லுவாங்க. பக்கத்து வீட்டு டைலர் சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம நிப்பாரு. நான் தான் சிரிப்பேன். வேற என்ன பண்ண, ராஜினாமா எழுதிக் குடுக்கவா.

இல்ல, என்ன வரையவே இல்லன்னு நான் சொல்லல. பொய் சொல்லக் கூடாது. இதோ இருக்கேன். கட்டத்தோட வலது ஓரம், தண்ணி டம்ளரப் பிடிச்ச ஒரு கை. மணிக்கட்டோட கட்டம் முடிஞ்சு போச்சு. தோள் இல்ல, மூஞ்சி இல்ல. சுண்டு விரல்ல தீக்காயத் தழும்பக் கூட விடாம போட்டிருக்க. ரொம்ப நன்றி. மேல ஒரு அங்குலம் நகந்து வரைஞ்சிருந்தா என் மூஞ்சி வந்திருக்கும், அம்மாவப் பாக்கற மூஞ்சி, அது உன் மூஞ்சியப் பின்னாடி தள்ளிடும். தெரிஞ்சு தான் வெட்டியிருக்க. தொழில்காரன் தப்பு பண்ண மாட்டான்.

அத விடு. எழுத்துக்கு வா. முதல் ரெண்டு புத்தகத்துக்கும் பேச்சுக் குமிழ் எல்லாத்துக்கும் எழுத்து போட்டது யாரு. அம்மா கட்டில் பக்கத்துல பலகை போட்டு உக்காந்து, அவங்க இருமும்போது பேனாவத் தூக்கி, இருமல் நின்னதும் வெச்சு, நான் எழுதினேன். இந்தப் புத்தகத்துக்கு நீ கேக்கவே இல்ல. அக்காவுக்குச் சிரமம் குடுக்க வேணாம்னு நெனச்சிருப்பான்னு நானும் ஒரு முட்டாள், சந்தோஷப்பட்டேன். அப்புறம் பிரதியத் தெறந்தா என் கையெழுத்து. என் கையெழுத்த எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஃபான்ட் பண்ணிட்ட.

என்ன தப்பா. சரியாத்தான் கேக்கற, சட்டப்படி ஒரு தப்பும் இருக்காது. நல்லா உத்துப் பாரு. கையால எழுதினா ரெண்டு அ ஒரே மாதிரி வராது. நல்லாத் தூங்கின மறுநாள் எழுதின அ நிமிந்து நிக்கும். அம்மா முழிச்சே இருந்த மறுநாள் எழுதின அ சாஞ்சிருக்கும், வால் நடுங்கும். பழைய புத்தகத்த எடுத்துப் பாத்தா எந்தப் பக்கம் எந்த நாள் எழுதினதுன்னு என்னால சொல்ல முடியும். இதுல எல்லா அ-வும் ஒரே அ. எப்பவோ ஒரு நாள் நான் எழுதின ஒண்ணப் பிடிச்சு, ஆணி அடிச்சு, வரிசையா மாட்டி வெச்சிருக்க. அந்த ஆறு ஆண்டுகள் கழித்துங்கறதயும் என் கையெழுத்துலயே போட்டிருக்க பாரு. என்னப் பொதைக்க என்னையே குழி தோண்ட விட்டுட்ட. கெட்டிக்காரன்.

அப்புறம் அந்தக் குமிழுக்குள்ள இருக்கற பேச்சு. வந்துட்டியா கண்ணு, உனக்காகத்தான் உயிரப் பிடிச்சு வெச்சிருக்கேன். இத அம்மா எப்பச் சொன்னாங்க. அவங்க உன்னக் கண்ணுன்னு கூப்பிட்டதே கெடையாது. குரங்குன்னு தான் கூப்பிடுவாங்க, உனக்குக் கல்யாணம் ஆனப்புறமும்.

சொல்லணும்னு இல்ல, ஆனா இன்னிக்குச் சொல்லிடறேன். அந்த மூணு நாளும் அம்மா உன்னக் குழாய் ரிப்பேர் பண்ண வந்த ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க. ஆமா. நீ கட்டில் பக்கத்துல உக்காந்து அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு வரைஞ்சியே, அப்ப என்னக் கூப்பிட்டுக் காதுல கேட்டாங்க, இந்த ஆளு இன்னும் எவ்வளவு நேரம் இங்கயே உக்காந்திருப்பாரு, குழாய் அங்க ஒழுகுதேன்னு. என்னக்கா சொல்றாங்கன்னு நீ கேட்ட. உன்னத்தான் தேடறாங்கன்னேன். பாவமேன்னு சொன்னேன். என் வாயில வந்த ஒரு பாவத்த நீ முப்பது பக்கத்துக்கு வரைஞ்சிருக்க.

அழாத. அழுதா டீல விழும்.

நல்லதும் சொல்றேன், இரு. அம்மாவோட மனசு கலைஞ்சு போனதக் காட்ட ஒரு பக்கம் போட்டிருக்கல்ல, பாவாடை கட்டின சின்னப் பொண்ணு, உன்னத் தூக்கி வெச்ச அம்மா, கட்டில்ல கிழவி, மூணு பேரும் கட்டமே இல்லாம ஒரே அறையில உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கம் உண்மை. பக்கத்தத் தெறந்ததும் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் படிக்கறவன் கண்ணுல ஒண்ணாப் படும், கதைக்குள்ள இருக்கறவன் மட்டும் தான் ஒவ்வொண்ணாத் தாண்டி வரணும். அம்மா தாண்டி வர்றத விட்டுட்டாங்க. மேல இருந்து முழுப் பக்கத்தையும் பாத்துட்டு இருந்தாங்க. நல்லா இருக்குன்னு மனசாரச் சொல்றேன். தாண்டி வர்றத விட்டுட்டாங்கங்கறது நான் உனக்குப் போன்ல சொன்ன வாக்கியம்ங்கறதயும் சேத்துச் சொல்றேன்.

கடிகாரத்துக்கு வருவோமா. நீ தான் காது குடுத்துக் கேட்டுட்டே இருக்கியே.

அந்த ரூம்ல நடக்கற எல்லாக் கட்டத்துலயும் சுவர்ல கடிகாரம் பத்து மணி காட்டுது. வெயில் விழற கட்டத்துலயும் பத்து, விளக்கு எரியற கட்டத்துலயும் பத்து. பின்னட்டையில போட்டிருக்கே, காலம் உறைந்துவிட்ட அறைன்னு. யாரு எழுதினது, நீயா. நெனச்சேன். மூணு நாள் அந்தக் கடிகாரத்துக்கு எதிர்ல உக்காந்திருந்த. அக்கா, ஏன் இது நின்னிருக்குன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டா அது வெறும் கடிகாரம் ஆயிடும்ல, அதனால கேக்காம குறியீடு ஆக்கிட்ட. அது தானா நிக்கலடா. நான் நிறுத்தினேன். ஏன்னு சொல்றேன், கடைசிப் பக்கத்தப் பாத்துட்டு.

இதான் கடைசிப் பக்கம். முழுத் தாளுக்கும் ஒரே படம், ஓரக்கோடு கெடையாது. கோடு இல்லாட்டி காலம் தாளோட விளிம்பு வரைக்கும் போய் வெளிய வழிஞ்சிடும், முடிவே இருக்காது, தெரிஞ்சு செஞ்சிருக்க. ஜன்னல் தெறந்திருக்கு. திரைச்சீலை பறக்குது. அம்மா கை உன் கைக்குள்ள. அவங்க மூஞ்சியில அந்தச் சிரிப்பு. இத வரைய எத்தன நாளாச்சு. ஒரு வாரமா. மை போடறதுக்கே ரெண்டு நாளா. இருக்கும், திரைச்சீலை மடிப்பெல்லாம் அவ்வளவு நுணுக்கம்.

மை போடறப்ப நீ போன எடுக்க மாட்டல்ல. கை அசைஞ்சிடும்னு.

அந்த ரெண்டு நாள்ல ஒரு மத்தியானம் நான் கூப்பிட்டேன். விட்டு விட்டு மூணு தடவ. நீ எடுக்கல. அப்புறம் ஒரு செய்தி வந்துச்சு. கடைசிப் பக்கம் போட்டுட்டிருக்கேன், மை ஈரமா இருக்கு, அப்புறம் கூப்பிடறேன். உன் அப்புறம் மூணு வாரம் கழிச்சு வந்துச்சு, போன வெள்ளிக்கிழமை. எடுத்ததும் என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா. அக்கா, சம்மதம் வேணும்ன.

எதுக்குக் கூப்பிட்டேன்னு இப்பக் கேக்கறியா.

நீ உள்ள வந்ததுல இருந்து உனக்குக் கட்டம் கட்டமாக் காட்டிட்டே இருக்கேன். கதவு சாத்தியிருக்கு. வீட்ல மருந்து நெடி இல்ல. பாத்துக்கற அம்மா வேற வீட்ல சேந்துட்டாங்க. நின்ன கடிகாரம் ஓடுது. எனக்கு நேரம் நெறைய இருக்குன்னு வேற சொன்னேன். பேச்சு வேற இவ்வளவு குடுத்திருக்கேன். படிக்கறவன் நடுவுல நடந்தத தானே புரிஞ்சுக்குவான்னு மேடையில சொல்ற ஆளு நீ. உனக்குப் புரியல. டீயக் குடிச்சுக்கிட்டு உன் செருப்பப் பாத்துட்டு இருந்த.

சரி, பதிப்பாளருக்குச் சொல்லிடு, அக்கா சம்மதிச்சுட்டான்னு. அப்படியே அச்சுக்குப் போகட்டும். ஒரே ஒரு திருத்தம் தான். கடைசிப் பக்கத்துல ஜன்னல் மூடி இருக்கணும். குளிருதுன்னாங்க, அதனால மூடிட்டேன். திரைச்சீலை பறக்கல. கையும் உன் கை இல்ல, அத எடுத்துடு. டம்ளர் பிடிச்ச கை ஒண்ணு வரைஞ்சு வெச்சிருக்கியே, அத வேணா அங்க போட்டுக்க. அளவு சரியாத்தான் இருக்கும்.

எப்பவா. மை ஈரமா இருந்தப்ப.

உக்காரு. கதவத் தெறக்கணும்னா தெற, தாழ்ப்பாள் போடல, உள்ள கட்டில் கூட இல்ல, டைலர் அவரோட மாமியாருக்குன்னு கேட்டாரு, குடுத்துட்டேன். எல்லாம் முடிஞ்சு போச்சு. அவரும் பாத்துக்கற அம்மாவும் நானும் சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்தோம். யாரும் சொல்லலையேன்னா, யாருகிட்டடா உன் நம்பர் இருக்கு. எங்கிட்ட இருந்துச்சு. நான் அப்புறத்துக்காகக் காத்துட்டு இருந்தேன்.

அத மட்டும் கேப்பன்னு எனக்குத் தெரியும். உன்னக் கேட்டாங்களான்னு.

கேக்கல.

முன்னாடி கேப்பாங்க. சாயங்காலம் நாலு மணியானா போதும், குரங்கு இன்னும் ஸ்கூல் விட்டு வரலன்னு வாசலுக்கு ஓடுவாங்க. தினமும். ஒரு நாள் படியில விழுந்து இடுப்பு உடைஞ்சுது. அப்படித்தான் கட்டில்ல படுத்தாங்க, நீ வரைஞ்ச கட்டில். படுத்தப்புறமும் நாலு மணிக்கு எழுந்திரிக்கப் பாப்பாங்க, கத்துவாங்க, வாசல்ல வெயில்ல நிக்கறான் புள்ளன்னு. உன்னக் கூப்பிட்டுச் சொன்னேன், ஒரு தடவ வந்துட்டுப் போடான்னு. ஏதோ கண்காட்சின்ன. அன்னிக்குத்தான் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளப் பத்துல வெச்சு, பேட்டரியக் கழட்டினேன். காலைல பத்து மணி. நீ வகுப்புல பத்திரமா இருக்க. கவலைப்பட ஒண்ணும் இல்ல. மறுநாள்ல இருந்து அவங்க உன்ன எதிர்பாக்கறத நிறுத்திட்டாங்க. நான் உனக்குப் போன் பண்ணின அன்னிக்கும் கடைசியா சுவரத்தான் பாத்தாங்க. பத்து தானே ஆகுதுன்னாங்க. ஆமாம்மா, பத்து தான்னேன்.

உனக்காக உயிரப் பிடிச்சு வெச்சிருந்தாங்கன்னு எழுதியிருக்க. யாரும் உனக்காகக் காத்துட்டு இருக்கல. அத நான் பாத்துக்கிட்டேன்.

பேட்டரிய அவங்க போன அன்னிக்கே திருப்பிப் போட்டுட்டேன். இனி நாலு மணியாச்சுன்னா எழுந்து ஓட ஆள் இல்லையே. டம்ளரக் குடு, ஆறிப் போச்சு. சுட வெச்சுத் தரேன்.